இரண்டாயிரம் விதைப்பந்து வீசினோம், முளைத்தது பதினேழு. எங்கே தவறு?

செம்மண்சாலை:

வணக்கம். சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. போன வருடம் கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள் அறுபது பேரை வைத்துக்கொண்டு விதைப்பந்து உருட்டினோம். வேம்பு, புங்கு, சரக்கொன்றை, வாகை, நாட்டுக் கருவேல் என்று ஐந்து வகை. மொத்தம் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஆனியில் கண்மாய்க்கரையிலும் பக்கத்துப் புறம்போக்கிலும் வீசினோம். ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. தை மாதம் போய் எண்ணினால் பதினேழு கன்று. பதினாலு புங்கு, மூன்று வாகை, அவ்வளவுதான்.

பிள்ளைகள் மறுபடி இந்த வருடம் எப்போது உருட்டலாம் என்று கேட்கிறார்கள். போன முறை நடந்தது என்னவென்று தெரியாமல் மறுபடி அவர்கள் கையில் மண்ணைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாற்றங்கால்:

தம்பி, முதலில் வேப்பவிதை எப்போது எடுத்தது என்று சொல்லுங்கள். வேம்பு நம் பக்கம் ஆனி, ஆடியில்தான் பழுக்கும். நீங்கள் கோடை விடுமுறையில் உருட்டியிருக்கிறீர்கள் என்றால் அது அதற்கு முந்தின வருடத்து விதையாகத்தானே இருக்கவேண்டும்?

செம்மண்சாலை:

ஆமாம் அக்கா. ஒரு இடத்தில் மூட்டையாக வாங்கினோம், நல்ல விதை என்றுதான் சொன்னார்கள். பத்து மாதம் ஆனதாக இருக்கலாம்.

நாற்றங்கால்:

அப்போது வேம்பை மறந்துவிடுங்கள். அது எண்ணெய்க்கு ஆகும், முளைப்புக்கு ஆகாது. வேப்பமுத்தின் உயிர் சாதாரணமாக வைத்தால் சில வாரம்தான். பழத்தைப் பிசைந்து சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சீக்கிரம் மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓட்டை உடைத்துப் பருப்பைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் உயிர் உண்டு, மஞ்சள் பாய்ந்தோ பழுப்பாகவோ இருந்தால் இல்லை. நான் இருபது வருடமாக நாற்று விடுகிறேன், இந்தச் சோதனை என்னை ஏமாற்றியதில்லை.

கொன்றையின் கதை நேர் எதிர். அது செத்திருக்காது, முளைத்தும் இருக்காது. கண்மாய்க்கரையில் மிச்சப் பந்து ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். கிடைத்தால் உடைத்து, உள்ளே இருப்பது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

இலைநரம்பு:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தாவரவியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதை என்றாலே காய்ந்து கெட்டியாக இருப்பது, எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நமக்கு நெல், பயறு பார்த்துப் பழகியதால் வந்தது. மரங்களில் அப்படி ஒரே சட்டம் இல்லை. வேம்பு பழுக்கிற நேரத்தையும் அதைத் தின்கிறவர்களையும் சேர்த்துப் பாருங்கள். மைனா, காக்கை, வௌவால் எல்லாம் சதைக்காக எடுத்துப்போய் முத்தை எங்காவது போடுகின்றன. விழுந்த கொஞ்ச நாளில் மழை வந்துவிடும் என்பதுதான் அந்த மரத்தின் கணக்கு. காத்திருப்பதற்கான கெட்டி ஏற்பாடு எதையும் அது செய்துவைக்கவில்லை. தின்கிறவனைத் தடுக்க முத்துக்குள் கசப்பை வைத்திருக்கிறது, காலத்தைத் தாங்க ஒன்றும் வைக்கவில்லை.

சரக்கொன்றையோ ஒரு முழம் நீளக் குழாய்க்குள் அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு விதையைக் கரிய பிசுக்குச் சதை தடவி வைக்கிறது. அந்த இனிப்புச் சதை கரடிக்கும் நரிக்கும் குரங்குக்கும். காட்டில் கரடியின் எச்சத்தில் கொன்றை விதையை நிறையப் பார்க்கலாம். அதன் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது, பல்லுக்கும் வயிற்று அமிலத்துக்கும் ஈடுகொடுக்கும். அந்தத் தோலில் ஒரு கீறலாவது விழாமல் உள்ளே ஈரம் போகாது. நீங்கள் அதைச் சுற்றிக் களிமண்ணையும் பூசியிருக்கிறீர்கள், ஆனால் உள்ளே இருக்கிற பூட்டை யாரும் திறக்கவில்லை.

விதைப்பந்தைக் குறை சொல்லவில்லை. ஜப்பானில் இயற்கை விவசாயி மசானோபு ஃபுகுவோகா களிமண் உருண்டையைப் பயன்படுத்தியதற்கு நல்ல காரணம் உண்டு. எறும்பு, எலி, குருவியிடமிருந்து அது விதையைக் காக்கும், வெயிலில் வெந்துபோகாமல் தடுக்கும். ஆனால் அவர் அதில் வைத்தது பெரும்பாலும் தானியமும் காய்கறியும் தீவனச்செடியும். நாம் மரவிதைக்கு அப்படியே எடுத்துக்கொண்டோம். மரம் தன் விதைக்கு ஏற்கெனவே ஒரு பந்து உருட்டித்தான் கொடுத்திருக்கிறது. அது யாருக்காக உருட்டியது என்று தெரிந்துகொள்ளாமல் நம் பந்தை அதன்மேல் ஏற்றுகிறோம்.

கிடைக்காரன்:

கருவேலுக்கு நான் சொல்கிறேன், என் அப்பா ஆடு மேய்த்தவர்.

வேல நெற்று மாலை கோத்த மாதிரி, விதைக்கு விதை இடுங்கி இருக்கும். வெயில் காலத்தில் புல் இல்லாதபோது துரட்டி போட்டு உலுக்கினால் ஆடுகள் முந்திக்கொண்டு ஓடிவரும், அந்தச் சத்தத்துக்கே எங்கிருந்தோ வரும். நெற்றை முழுசாக மென்று விழுங்கும். ராத்திரி பட்டியில் படுத்து அசைபோடும்போது விதையை மட்டும் வாயிலிருந்து துப்பும். புழுக்கையில் வருவது கொஞ்சம், துப்புவதுதான் அதிகம். விடிகாலையில் ஆட்டை எழுப்பிவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு ஆடும் படுத்திருந்த இடத்தில், முகம் இருந்த பக்கமாக, ஒரு கைப்பிடி விதை குவிந்து கிடக்கும். கழுவி வைத்தமாதிரி பளபளவென்று இருக்கும். சின்ன வயதில் அதைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுவோம்.

எங்கள் பக்கம் யாரும் கருவேல் நட்டுப் பார்த்ததில்லை. கிடை போட்ட நிலத்தில் தானாக வரும். நீங்கள் கடையிலிருந்து வாங்கிய விதையை ஆடு தொடவே இல்லை, அதுதான் விஷயம். பட்டி விதை வேண்டுமானால் சொல்லுங்கள், ஒரு சாக்கு எடுத்துத் தருகிறேன்.

இலைநரம்பு:

இது நூற்றுக்கு நூறு சரி. நாற்றங்கால்களில் பட்டியில் பொறுக்கிய கருவேல் விதைக்குத் தனி மதிப்பு உண்டு. ஆட்டின் வயிறு இன்னொரு வேலையும் செய்கிறது. வேல நெற்றுக்குள் சின்ன வண்டு முட்டையிட்டு, அதன் புழு விதையைக் குடைந்து தின்னும். மரத்தடியில் நாள்பட்டுக் கிடக்கும் விதைகளில் ஊசித்துளை பார்த்திருப்பீர்கள். ஆடு சீக்கிரமே தின்றுவிட்டால் புழு வளராமல் உள்ளேயே செத்துப்போகும், விதை பிழைக்கும்.

துப்புகிற விஷயத்தை ஆராய்ச்சியாளர்கள் கவனித்ததே வெகு தாமதம். மொராக்கோவில் ஆர்கன் மரத்தில் ஏறித் தின்னும் ஆடுகள் கொட்டையை அசைபோடும்போது துப்புகின்றன என்று 2017இல் ஸ்பெயின் நாட்டுக்காரர்கள் எழுதினார்கள். அதுவரை எல்லாரும் புழுக்கையை மட்டும் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைக்காரர் அப்பாவுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த சங்கதி.

வேலிப்பருத்தி:

சீமைக் கருவேலமும் இப்படித்தானே பரவியது? அதைச் சொல்லாமல் ஆட்டைப் புகழ்ந்தால் பாதி உண்மைதான் ஆகும்.

கிடைக்காரன்:

உண்மைதான், மறுக்கவில்லை. சீமைக்கருவேல நெற்று இனிக்கும், ஆடும் மாடும் வழியெல்லாம் போட்டுக்கொண்டே போகும். 1870களில் விறகுக்கு என்று கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். வெட்டினால் மறுபடி தழைக்கிறது. வேரோடு பிடுங்கினாலும் மண்ணுக்குள் விதை கிடக்கிறது. நம் கருவேல் எந்த வண்டியில் போகிறதோ அதே வண்டியில்தான் அதுவும் ஏறியிருக்கிறது. ஆட்டுக்கு எது நாட்டு மரம் எது சீமை மரம் என்று தெரியாது.

மிளகாய்த்தோட்டம்:

பறவை, ஆடு என்று பேச்சு வந்ததால் ஒரு கேள்வி. எங்கள் வீட்டுப் பின்னால் காந்தாரி மிளகாய் யாரும் போடாமலே முளைக்கிறது, கொய்யா மரத்தடியில், வேலியோரத்தில், தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில். குருவிகள் தின்பதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு எரியாதா? அணில் ஒரு காயைக்கூடத் தொடாது.

இலைநரம்பு:

எரியாது. மிளகாயின் காரத்தை உணர்கிற அமைப்பு பாலூட்டிகளின் நாக்கில் வேலை செய்வதுபோலப் பறவைகளிடம் செய்வதில்லை. அரிசோனா பாலைவனத்தில் ஜாஷுவா டியூக்ஸ்பரியும் கேரி நபானும் இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். எலிகளுக்குக் காரமில்லாத மிளகாயைக் கொடுத்தபோது பல்லால் அரைத்து விதையைக் கெடுத்தன, எச்சத்தில் வந்த எதுவும் முளைக்கவில்லை. பறவை அப்படியே விழுங்கியது, விதை உயிரோடு வெளியே வந்தது. ஆக, காரம் என்பது எல்லாரையும் விரட்ட வைத்ததல்ல, பல் உள்ளவனை மட்டும் விரட்ட வைத்தது. கொய்யா மரத்தடியும் வேலியோரமும் குருவி உட்காருகிற இடம் என்பதைக் கவனியுங்கள், விதை விழுவது அங்கேதான்.

இன்னொன்று, காரம் விதையில் இல்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. விதையைச் சுற்றி வேலி போட்டமாதிரி. பொலிவியாவின் காட்டு மிளகாய்களை ஆராய்ந்து 2008இல் அதே டியூக்ஸ்பரி குழு காட்டியது, இந்தக் காரம் விதையை அழிக்கும் பூஞ்சையையும் அடக்குகிறது என்று. பூச்சி துளைபோட்ட காய்க்குள்தான் பூஞ்சை புகும், பூச்சி அதிகமான இடத்தில் காரமான செடி அதிகம். ஊறுகாயில் மிளகாய் போட்டால் கெடாது என்பதற்கும் இதற்கும் உறவு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

புதுவரவு:

நான் எங்கோ படித்தேன், மொரீஷியஸ் தீவில் டோடோ பறவை அழிந்ததால் ஒரு மரம் முளைக்கவே முடியாமல் போய்விட்டது என்று. அதுவும் இதேதானே? அப்படியானால் எல்லா விதையையும் ஏதாவது விலங்குக்குக் கொடுத்துத்தான் முளைக்கவைக்க வேண்டுமா?

இலைநரம்பு:

அந்தக் கதை அழகாக இருப்பதால் நிலைத்துவிட்டது. 1977இல் ஸ்டான்லி டெம்பிள் சொன்னது அது. அந்த மரத்தின் பதினேழு கொட்டைகளை, டோடோவுக்குப் பதிலாக வான்கோழிக்கு ஊட்டினார், ஏழு நொறுங்கின, மிச்சத்தில் மூன்று முளைத்தன. ஊட்டாமல் விதைத்த கொட்டைகளோடு ஒப்பிடவில்லை. டோடோ போனபின் முளைத்த மரங்களும் அங்கே இருக்கின்றன, வயிற்றுக்குள் போகாத கொட்டையும் முளைக்கிறது என்று பின்னால் தெரிந்தது. ஆகவே எல்லாவற்றுக்கும் வயிறு தேவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புங்கு யார் வயிற்றுக்கும் போவதில்லை. அதன் காய் வெடிப்பதும் இல்லை, ஆற்றில் மிதந்து போய்க் கரையில் ஒதுங்கி, ஓடு மக்கி முளைக்கும். கண்மாய்க்கரையில் பதினாலு புங்கு வந்ததில் எனக்கு வியப்பே இல்லை, அது அதன் சொந்த இடம்.

நெய்தல்கரை:

மிதப்பது என்றதும் எங்கள் கரையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வேதாரண்யம்.

இராவணன் மீசை என்று ஒரு புல் மணல்மேட்டில் படர்ந்திருக்கும், இலை நுனி ஊசி. அதன் பெண் கதிர் மனிதத் தலை அளவுக்கு முள் உருண்டையாக முற்றும். காய்ந்ததும் காம்பு ஒடிந்து கழன்றுவிடும். அப்புறம் காற்றுதான் அதற்குக் கால். வைகாசிக் காற்றில் மணல்மேல் பத்துப் பதினைந்து உருண்டைகள் ஒன்றை ஒன்று துரத்துவதுபோல முள்நுனியில் நின்று நின்று ஓடும். ஒன்றைப் பிடித்துத் தூக்கிப் பார்த்திருக்கிறேன், எடையே தெரியாது. ஈரமணலில் சிக்கிய இடத்தில் நின்று, அங்கே விதையை உதிர்க்கும். அதன் பக்கத்திலேயே அடும்பு. அதன் விதை மயிர் போர்த்திய கறுப்பு உருண்டை, கடலில் மிதந்து இன்னொரு கரைக்குப் போகும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் இன்னும் விசேஷம். அலையாத்தி காயிலேயே கரு வளர்ந்து தயாராகிவிடும், தண்ணீரில் விழுந்ததும் மேல்தோலைக் கழற்றிப்போட்டு வேர்விடும். பிச்சாவரத்துச் சுரபுன்னையில் மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும். உப்புச்சேற்றில் சின்ன விதை விழுந்தால் என்ன ஆகும், அதனால் பிள்ளையை வயிற்றிலேயே வளர்த்து இறக்கிவிடுகிறது. அந்த மரங்களுக்கு விதைப்பந்து செய்யவே முடியாது. சேற்றில் இறங்கிக் கையால் குத்தவேண்டும், சுனாமிக்குப் பின்னால் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். இந்த இழையை மூன்று நாளாய் வாசிக்கிறன், பனையைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை எண்டது எனக்கு மனவருத்தம்.

பனங்கொட்டையை மண்ணில் வைத்தால் முளை மேலே வராது, முதலில் கீழே போகும். கொட்டையிலிருந்து ஒரு குழாய் மாதிரி இறங்கி, கருவைத் தன் நுனியில் வைத்துக்கொண்டு மண்ணுக்குள் ஆழமாகக் கொண்டுபோய் விடும். அங்கே இருந்துதான் இலை பிறகு மேலே வரும். அந்த இறங்கின பகுதிதான் நாங்கள் அவித்துத் தின்கிற கிழங்கு. பிள்ளை நிலத்துக்குள்ளே ஒளிஞ்சிருக்கும், மேலே மாடு மேய்ந்தாலும் நெருப்பு ஓடினாலும் ஒன்றும் ஆகாது. கிழங்கு கிண்டின பிறகு மேலே கிடக்கிற கொட்டையைக் கத்தியால் பிளந்தால் உள்ளுக்குள் வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரி ஒரு உருண்டை இருக்கும், பூரான் எண்டு சொல்லுவம். கொட்டைக்குள் இருந்த உணவை உறிஞ்சி பிள்ளைக்கு அனுப்புகிற உறுப்பு அது. கடித்தால் மெல்லிய இனிப்பு. அம்மம்மா பிளந்து பிளந்து தர, நாங்கள் சுற்றி இருந்து சாப்பிட்டது இப்பவும் நாக்கில் நிற்குது.

இதை ஏன் சொல்லுகிறன் எண்டால், பனை நடுகிறவர்கள் கொட்டையைக் கட்டாந்தரையில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். அது இறங்க மண் இளக்கமாய் வேணும். முளைத்ததைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டாலும் சரிவராது. எங்கே வளரவேணுமோ அங்கேயே வைக்கவேணும்.

செம்மண்சாலை:

பூரானை எங்கள் பக்கம் தவுண் என்போம். அது என்ன உறுப்பு என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், நன்றி.

மழைக்காடு:

வால்பாறைப் பக்கம் இருக்கிறேன். இங்கே இருவாச்சி இருக்கிறது. பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும், ஆண் பறவை பழம் பழமாகக் கொண்டுவந்து ஊட்டும். காட்டு அத்தி, வெள்ளகில், குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் எல்லாம். விதையைக் கீழே துப்பும். கூட்டு மரத்தடியில் போய்ப் பார்த்தால் யாரோ நாற்று விட்டமாதிரி நெருக்கமாக முளைத்துக் கிடக்கும். பெரும்பகுதி அங்கேயே எலி தின்றும் நெருக்கத்திலும் போய்விடும். ஆண் பறவை பறக்கிற வழியில் எச்சமாகவும் துப்பியும் விடுவதுதான் தூரத்தில் காடாகிறது. இத்தனை பெரிய விதையை விழுங்க இங்கே வேறு பறவை அதிகம் கிடையாது.

இங்கே உள்ள மரங்களில் பலவற்றின் விதை காயவைத்தாலே செத்துவிடும். ஈரத்தோடு விழுந்து ஈரத்தோடு முளைப்பது. ஒரு முறை வெளியூரிலிருந்து வந்த குழு ஒன்று இந்த விதைகளைப் பொறுக்கி, வெயிலில் உலர்த்தி, பந்து பிடித்து மறுபடி காட்டிலேயே வீசிவிட்டுப் போனது. நல்ல மனதோடு செய்தார்கள் என்பது தெரியும். ஆனால் அந்த விதைகள் கிடந்த இடத்திலேயே கிடந்திருந்தால் கொஞ்சமாவது முளைத்திருக்கும். அதை நினைத்தால் இன்னமும் வருத்தம்தான்.

வேலிப்பருத்தி:

முள்ளையும் யாராவது சொல்லுங்கள், அதுவும் விதையின் வேலைதானே. நெருஞ்சிக் காயை உடைத்துப் பார்த்தால் ஐந்து துண்டாகப் பிரியும், ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். செருப்பில் ஏறி, சைக்கிள் டயரில் ஏறி ஊர் ஊராகப் போகும். போன வாரம் செருப்பிலிருந்து பிடுங்கியதைக் குறட்டால் பிளந்து பார்த்தேன், அந்தச் சின்னத் துண்டுக்குள் மூன்று விதை ஒன்றன்பக்கம் ஒன்றாகத் தனித்தனி அறையில் இருந்தது. எல்லாம் ஒரே வருடம் முளைக்காதாமே?

இலைநரம்பு:

முளைக்காது. பெரியது முதலில், மற்றவை பின்னொரு மழைக்குக் காத்திருக்கும். முதல் மழையை நம்பி முளைத்துப் பிறகு காய்ந்தால் மொத்தமும் போய்விடுமே, அதற்காகப் பங்கு பிரித்து வைக்கிறது.

காத்திருப்பதற்கு அளவே இல்லை. 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்பவர் களைச்செடி விதைகளை இருபது புட்டிகளில் போட்டு மண்ணில் புதைத்தார். முதலில் ஐந்து வருடத்துக்கு ஒன்று, பிறகு பத்துக்கு ஒன்று, இப்போது இருபது வருடத்துக்கு ஒன்று எடுத்து முளைக்கவிடுகிறார்கள். 2021இல் எடுத்ததிலும் முளைத்தது. கடைசிப் புட்டி 2100இல். இஸ்ரேலின் மசாடாக் கோட்டையில் கிடைத்த, ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துப் பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் முளைத்து மரமாகியிருக்கிறது. சீனாவில் வற்றிய ஏரியின் அடியில் கிடந்த தாமரை விதை ஆயிரத்து முந்நூறு வருடம் தாங்கியிருக்கிறது. நம் குளத்துத் தாமரைவிதையையும் பல்லால் கடித்துப் பாருங்கள், உடையாது.

நாற்றங்கால்:

சார், தாமரை விதையை நானும் தேய்த்துத்தான் போடுவேன், தேய்க்காமல் போட்டால் தண்ணீருக்கடியில் கல் மாதிரிக் கிடக்கும்.

பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குன்றிமணியைப் பந்தில் வைக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். சிவப்பும் கறுப்புமாகப் பழம்போலக் காட்டிப் பறவையை அழைக்கிறதே தவிர, சதை என்று ஒன்றும் இல்லை. கெட்டித் தோலுக்குள் கடும் நஞ்சு. ஆமணக்கு முத்தும் அப்படித்தான். முத்தின் மூக்கில் இருக்கிற சின்ன வெண்மையான சதையை எறும்புக்குக் கொடுக்கும், எறும்பு இழுத்துப்போய் அதை மட்டும் தின்றுவிட்டு முத்தைக் குப்பையில் தள்ளும். எறும்புக்குக் கூலி, மற்றவர்களுக்கு நஞ்சு. அதற்குப் பதிலாகப் பட்டாசுக்காயைக் கொடுங்கள். எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் சில நொடியில் வெடித்துச் சிதறும். சிதறிய விதை ஈரம்பட்டதும் பிசின்போல ஊறி, பட்ட இடத்தில் ஒட்டும். பாடம் அதிலேயே வந்துவிடும்.

செம்மண்சாலை:

அக்கா சொன்னபடி கண்மாய்க்கரைக்குப் போனேன். முப்பத்தோரு பந்து கிடைத்தது. சுட்ட மண்மாதிரி இறுகிக் கிடக்கிறது, சாணமோ மட்கிய உரமோ போதுமான அளவு சேர்க்கவில்லை என்பது கல்லால் தட்டும்போதே புரிந்தது. உள்ளே வேம்பு எல்லாம் சுருங்கிய பழுப்புப் பருப்பு, சிலதில் வெறும் தூள். கருவேல் பாதிக்குமேல் ஊசித்துளை. ஆனால் கொன்றை! ஒன்பது பந்தில் கொன்றை இருந்தது, ஒன்பதும் நேற்று எடுத்ததுபோல பழுப்பாக மினுமினுக்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்க மண்ணுக்குள் நனைந்தும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

அடுத்து என்ன செய்யட்டும்?

நாற்றங்கால்:

தம்பி, கண் இருக்கிற முனையை விட்டுவிட்டு மறுமுனையைச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையிலோ உப்புத்தாளிலோ தேயுங்கள். பழுப்புத் தோல் போய் உள்ளே வெளுப்பு எட்டிப்பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். ராத்திரி தண்ணீரில் போடுங்கள். வாகைக்கு இவ்வளவு வேண்டாம், கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி அப்படியே ஆறவிட்டு மறுநாள் விதைத்தால் போதும். தேய்க்காத கொன்றையும் கொஞ்சம் பக்கத்தில் போட்டுவையுங்கள், பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

செம்மண்சாலை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பந்தில் கிடைத்த கொன்றையோடு ஊர்க் கோயில் மரத்து விதையும் சேர்த்து இருபது தேய்த்தோம், இருபது தேய்க்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு விதையாகத் தேய்த்துக் காற்றில் தூக்கிப் பார்த்து, "வெளுத்துடுச்சு" என்று சொல்லிச் சொல்லி வைத்தாள். மறுநாள் காலையில் தேய்த்ததில் பதினெட்டு இரண்டு மடங்காக உப்பிக் கிடந்தது, தேய்க்காததில் ஒன்றே ஒன்று. எட்டாம் நாள் முதல் முளை. பந்துக்குள் ஒரு வருடம் கிடந்த ஒன்பதில் ஏழு முளைத்துவிட்டது.

கிடைக்காரர் அண்ணன் அரைச் சாக்குப் பட்டி விதை கொண்டுவந்தார். அதை அளந்து எடுத்துக் கழுவியதில் நாற்பதுக்குப் பதினெட்டு முளை விட்டிருக்கிறது, இன்னும் வருகிறது. வேம்புக்கு இந்த வருடம் பந்தே இல்லை, பழம் விழுகிற வாரத்தில் பொறுக்கி அன்றன்றைக்கே கரையில் ஊன்றுகிறோம். பருப்பு பச்சையாக இருக்கிறதா என்று பத்துக்கு ஒன்று உடைத்துப் பார்க்கும் வேலை அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையினுடையது. பந்து உருட்டுவதைப் பிள்ளைகள் விடமாட்டோம் என்கிறார்கள், அதனால் தேய்த்த கொன்றைக்கும் வெந்நீர் பட்ட வாகைக்கும் மட்டும், பாதிக்குப் பாதி மட்கிய சாணம் சேர்த்து, ஐப்பசிக்கு ஒரு வாரம் முன்னால் உருட்டலாம் என்று முடிவு.

பனங்கொட்டை முந்நூறு சேர்த்திருக்கிறோம். கரையில் மண் இளக்கமாக உள்ள இடமாகப் பார்த்துக் குழி எடுத்து வருகிறோம். ஒரு சந்தேகம், பனங்கூடல் அண்ணன் பார்த்தால் சொல்லவேண்டும்: கொட்டையை எந்தப் பக்கம் கீழே வைத்துப் புதைப்பது?

பனங்கூடல்:

குழறுபடி ஒன்றுமில்லை தம்பி, படுக்கவைத்து மூடினால் காணும். கீழே போகிற வழி அதுக்குத் தெரியும். குழிக்கு அடியில் பாறை இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ. கிழங்கு வைத்ததும் ஒன்றிரண்டைக் கிண்டிப் பிள்ளைகளுக்குப் பிளந்து கொடுங்கோ.